உபேக்கா: பார்த்துக்கொண்டே சாயாதிருத்தல்

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 15 மீட்டர் உயரப் புத்தர் அமர்ந்திருக்கும் சாக்கியமுனி புத்தகயா கோயில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம்தான். நம்மவர்கள் பலரும் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பௌத்த மரபின் தலையாய சொல் ஒன்று மட்டும் தமிழில் பொருள் திரிந்து கிடக்கிறது.

பாலியில் உபேக்கா, வடமொழியில் உபேக்ஷா. ‘உப’ என்ற முன்னொட்டும் ‘பார்த்தல்’ என்னும் வினையடியும் சேர்ந்தது; கிட்ட இருந்து நிதானமாகப் பார்ப்பது. இதே சொல் தமிழுக்கு ‘உபேட்சை’யாக வந்தபோது அசட்டை, புறக்கணிப்பு என்ற பொருளே நிலைத்தது. அசட்டைக்கு நாம் வைத்திருக்கும் நல்ல தமிழ்ச் சொல் பாராமுகம். பார்வையில் பிறந்த சொல் பாராமுகத்தில் போய் முடிந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்தக் குழப்பத்தைப் பாலி உரையாசிரியர் புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார். அவருடைய விசுத்திமக்கம் என்ற நூல் உபேக்கா உள்ளிட்ட நான்கு நற்பண்புகளில் ஒவ்வொன்றுக்கும் தூரத்துப் பகை, பக்கத்துப் பகை என்று இரண்டைச் சொல்கிறது. உபேக்காவுக்குத் தூரத்துப் பகை விருப்பும் வெறுப்பும். பக்கத்துப் பகை, அறியாமையால் வரும் அக்கறையின்மை. நம் பேச்சில் சொன்னால், ‘எனக்கென்ன?’

பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்வோம். பையன் தாளை நீட்டுகிறான், நினைத்தபடி வரவில்லை. “டியூஷனுக்குக் கொட்டினதெல்லாம் வீணாப் போச்சு” என்று வெடிப்பவர் ஒருவர். போனிலிருந்து தலையைத் தூக்காமல் “சரி, விடு” என்பவர் இன்னொருவர். பார்வைக்கு இவர்தான் பக்குவப்பட்டவர், ஆனால் பிள்ளை தனியாக நிற்கிறான். தாளை வாங்கி, பாடம் பாடமாகப் படித்து, அவன் முகத்தையும் பார்த்து, “மொதல்ல சாப்பிடு. அப்புறம் எந்த ஸ்கூல்னு உக்காந்து பாக்கலாம்” என்கிற அம்மாவுக்கும் ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். அது அவரைச் சாய்த்துவிடவில்லை. உபேக்கா அதுதான்.

மெத்தா, கருணா, முதிதா, அதாவது அன்பு, இரக்கம், பிறர் நலங்கண்டு மகிழ்தல், இவற்றுக்குப் பிறகே உபேக்கா வரும். அன்பில்லாத இடத்தில் சமநிலைக்கு வேலையே இல்லை. நம் சீன அண்டைவீட்டார் இந்த நான்காவதை ‘ஷ’ என்பார்கள். விட்டுவிடுதல் என்று பொருள். மணிமேகலையின் 30ஆம் காதையில் அறவண அடிகள் “மைத்திரி கருணா முதிதை” என்று மூன்றை அடுக்குகிறார். நான்காவது அந்த அடியில் இல்லை. இருந்திருந்தால் அதற்கொரு தமிழ் வடிவம் நமக்கு அன்றே கிடைத்திருக்கும்.

அப்படியானால் எந்தச் சொல் பொருந்தும்? நடுநிலை என்றால் வழக்கும் தீர்ப்பும் நினைவுக்கு வருகின்றன. பற்றின்மை துறவின் பக்கம் போய்விடுகிறது. என் தேர்வு குறளில் வரும் ‘கோடாமை’: “கேடும் பெருக்கமும் இல்லல்ல நெஞ்சத்துக் கோடாமை சான்றோர்க் கணி” (115). பௌத்தம் சொல்லும் எட்டு உலகியல்புகளில் முதல் இணையே பேறும் இழப்பும். புகழ்–இகழ், பாராட்டு–பழி, இன்பம்–துன்பம் மற்றவை. இவை வராமல் இருக்காது என்று குறளும் ஒப்புக்கொள்கிறது. நெஞ்சு கோணாமல் இருப்பதைத்தான் கேட்கிறது.

பழகும் முறையையும் புத்தகோசர் சொல்கிறார். வேண்டியவரும் அல்லாத, வேண்டாதவரும் அல்லாத ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும். நமக்கு எம்ஆர்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் போதும். அவரவர் வினை அவரவருக்கு என்று எண்ணி அவரைப் பார்க்கலாம். பிறகு அன்புக்குரியவர், அடுத்துப் பகைவர், கடைசியில் நாமே. பிள்ளையிடமிருந்து தொடங்கினால் முதல் நாளே தோற்றுவிடுவோம்.

வீட்டுப் பேச்சுக்கு ‘மனச்சமநிலை’ போதும். பௌத்த உரைகளைத் தமிழாக்குபவர்கள் ‘நெஞ்சக் கோடாமை’ என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் உபேக்கா என்ற மூலச்சொல்லையும் பக்கத்தில் தரலாம். உபேட்சை மட்டும் வேண்டாம்.