எலிக்கு ஏது மன உறுதி?

"மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னாடி நான் வேற ஆளாயிடறேன் டாக்டர்." இந்த வாக்கியத்தை நான் கேட்காத மாதம் இல்லை. அவர்கள் சொல்வது வெறும் பசியை அல்ல. வயிறு நிரம்பிய பிறகும் நிறுத்த முடியாமல், யாரும் பார்க்காதபோது வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் தன்னையே திட்டிக்கொள்வது. வாரத்துக்கு ஒரு முறையாவது, 3 மாதங்களுக்கு இது தொடர்ந்தால் நோயா என்று பார்க்க வேண்டும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு, இதை 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்' (கட்டுமீறிச் சாப்பிடும் நோய்) என்று தனி நோயாகவே சேர்த்துக்கொண்டது.

கூட வந்தவர் "மன உறுதி இல்லை" என்று சொன்னால், நான் பெண் எலிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

பெண் எலியின் சுழற்சி 4 அல்லது 5 நாள்தான். ஈஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன் உச்சத்தைத் தொட்டபின் வரும் இரவில் அது குறைவாகத் தின்னும். சூலகங்களை எடுத்துவிட்டால் தீனியும் எடையும் ஏறும். ஈஸ்ட்ரடயாலைத் திரும்பக் கொடுத்தால் இறங்கும். சாப்பாடு குடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோன் சுரந்து, 'போதும்' என்ற செய்தியை மூளைத்தண்டுக்கு அனுப்புகிறது. ஈஸ்ட்ரடயால் இருந்தால் அந்தச் செய்தி அழுத்தமாகப் போய்ச் சேரும். இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, ஆனால் ஈஸ்ட்ரடயாலின் இந்த வேலையை மழுக்கக்கூடும். பெண்களுக்கு முட்டை வெளியான பின் இரண்டு ஹார்மோன்களும் கூடியிருக்கும் நாட்களில்தான் இந்தத் தொல்லை அதிகமாகிறது.

எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. எலிகளுக்குச் சில நாள் அரைகுறைத் தீனி, சில நாள் முழுத்தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். பிறகு ஒருநாள் இனிப்பான உணவைக் கண்ணில் காட்டி, வாசனையும் பிடிக்கவிட்டு, 15 நிமிடம் எட்டவிடாமல் வைக்கிறார்கள். கொடுத்ததும் பாய்ந்து தின்கின்றன. பட்டினி மட்டும், அல்லது அந்தத் தவிப்பு மட்டும் என்றால் அப்படி நடப்பதில்லை. இரண்டும் சேர வேண்டும். சேர்ந்தாலும், ஈஸ்ட்ரஸ் கட்டத்தில் (ஈஸ்ட்ரடயால் உச்சத்துக்குப் பின் வரும் நேரம்) இருந்த எலிகள் மட்டும் அளவு மீறவில்லை!

எலியிடம் கண்டதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்த முடியாதுதான். உடலைப் பற்றிய கேலி எதையும் எலி கேட்டதில்லை. ஆனாலும் இந்தச் சோதனையால் என் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "எவ்வளவு சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பேன். இப்போது "அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மாதவிடாய் வந்து எத்தனையாவது நாள்?" என்று கேட்கிறேன்.

2 சுழற்சிகளுக்கு ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்வேன். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த நோட்டில், கட்டுமீறிய 5 நாட்களில் 4 மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இருந்தன. அந்த 5 நாட்களிலும் காலைக் கட்டம் காலியாகவே கிடந்தது. டயட்டாம். ஹார்மோனுக்கு மருந்து கேட்டுத்தான் வந்திருந்தார். முதலில் காலைச் சாப்பாட்டை எழுதிக் கொடுத்தேன், மனநலச் சிகிச்சைக்கும் நாள் குறித்தோம்.