குளோன் எடுத்த சர்வரும் டூப்ளிகேட் லைசென்ஸும்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் பெட்டிகளின் மேல் உள்ள எண்ணைப் படித்தே பொழுதைப் போக்கியிருப்பார்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஒரே எண்ணோடு இரண்டு பெட்டி துறைமுக கேட்டுக்கு வந்தால், எது அசல் என்று தெரியும்வரை இரண்டும் நிற்க வேண்டியதுதான்.

சர்வரில் வரும் டூப்ளிகேட் லைசென்ஸ் பிழையும் பெரும்பாலும் இப்படிப்பட்டதே. ஆனால் சர்வருக்கு யாரும் எண் எழுதி ஒட்டுவதில்லை. நெட்வொர்க் கார்டின் தனி எண்ணான மேக் முகவரி, மதர்போர்டின் தனி அடையாள எண்ணான யூயூஐடி, வட்டின் அடையாளம் என்று கிடைப்பதை எல்லாம் சேர்த்து, லைசென்ஸ் மென்பொருளே ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொள்கிறது.

தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில் போடும் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளாலேயே உருவாக்கிய கணினி. அதை அப்படியே குளோன் எடுத்து ஸ்டாண்ட்பையாக வைக்கிறார்கள். இரண்டையும் ஆன் செய்த மறுநிமிடம் 'இந்த லைசென்ஸ் வேறு சர்வரில் பயன்பாட்டில் உள்ளது' என்று செய்தி. "காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் லைசென்ஸ் ஃபைலைத் திறந்து திருத்திப் பயனில்லை. அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும், ஓர் எழுத்தை மாற்றினாலும் செல்லாது. கோளாறு மெஷினின் அடையாளத்தில் இருக்கிறது.

விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மென்பொருளில், பிரதி எடுத்த மெஷினை முதன்முறை இயக்கும்போது ஒரு கேள்வி வரும்: இதை நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா? நகர்த்தினேன் என்றால் பழைய யூயூஐடியும் மேக் முகவரியும் அப்படியே தொடரும். நகலெடுத்தேன் என்றால் புதிதாகக் கிடைக்கும். அவசரத்தில் 'நகர்த்தினேன்' பொத்தானை அழுத்தினால் இரட்டைப் பிறவி தயார்.

சரி, அதைச் சரியாகவே அழுத்தினாலும் லினக்ஸுக்குள் இன்னொரு அடையாளம் உண்டு. இடிசி ஃபோல்டரில் மெஷின்-ஐடி என்றொரு ஃபைல். அதில் 32 ஹெக்ஸ் எழுத்துகள், அதாவது 128 பிட். குளோன் எடுத்தால் இதுவும் கூடவே வந்துவிடும். நகல் மெஷினில் மட்டும் அந்த ஃபைலைக் காலி செய்து மறுபடி பூட் செய்தால், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் புதிய எண்ணை எழுதிவிடும். ஆனால் பூட் செய்வதற்கு முன்பே, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் டிபஸின் ஃபோல்டரிலும் இதே எண்ணின் பிரதி தனி ஃபைலாக இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிட வேண்டும்; இருந்தால் சிஸ்டம்டி அந்தப் பழைய எண்ணையே எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸில், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் மற்றக் கணினிகளை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் முறையைப் பயன்படுத்துபவர்களுக்குத் தொல்லை வேறு விதம். அங்கே குறைந்தது 5 சர்வர்கள் கேட்டால்தான் ஆக்டிவேஷனே நடக்கும். பழைய அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டாமல் குளோன் எடுத்த 8 சர்வர்கள் ஒரே கிளையன்ட் அடையாளத்தோடு கேட்டால், கணக்கில் ஒன்றாகத்தான் சேரும். டூப்ளிகேட் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். எண்ணிக்கை ஏறாமல் நிற்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லைசென்ஸ் ஃபைல் பழைய அடையாளத்தோடு பிணைக்கப்பட்டிருந்தால், அடையாளம் மாறிய நகலில் அது வேலை செய்யாது. ஆகவே ஸ்டாண்ட்பைக்குத் தனி லைசென்ஸ் தேவையா, வாங்கியதிலேயே அடங்குமா என்று விற்றவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் மெஷினின் அடையாளத்தில் கை வையுங்கள்.