நிட்டிங்: இதற்குத் தமிழ் பின்னல், நெசவு இல்லை

ஸ்வெட்டர் 'நெய்கிறேன்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நெசவு வேறு. சென்னிமலையில் தறியில் போர்வை நெய்யும்போது பாவு நூல் நீளவாக்கில் விறைப்பாக நிற்கும், ஊடை நூல் குறுக்கே போய்வரும். நிட்டிங்குக்கு ஒரே நூல் போதும், வளையத்துக்குள் வளையமாக அது கோத்துக்கொண்டே போகும். பனியன் இழுத்தால் நீள்வதும் வேட்டி நீளாததும் இதனால்தான்.

நிட் என்பது முடிச்சிடுதல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. திருப்பூர் இதற்குப் பின்னலாடை என்ற நல்ல சொல்லைப் பரப்பிவிட்டது, ஆனால் பேச்சில் எல்லாம் பனியன் கம்பெனிதான். பனியனும் வந்த சொல்தான்: குஜராத்தி வணிகர்களைக் குறித்த பெயர், போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தொளதொள மேலாடைக்கு ஆகி, கடைசியில் உள்ளாடையில் வந்து நின்றது.

வெறும் பின்னல் என்று இணையத்தில் தேடினால் ஜடையும் வயர் கூடையும்தான் வரும். அதனால் இரண்டு ஊசியில் செய்வதை ஊசிப் பின்னல் என்றும், ஒரே கொக்கி ஊசியில் செய்யும் குரோஷேவைக் கொக்கிப் பின்னல் என்றும் சொல்லலாம். குரோஷே என்றாலே பிரெஞ்சில் சின்னக் கொக்கிதான். பின்னலின் ஒவ்வொரு வளையத்தையும் குறிக்கும் ஸ்டிட்ச்சைத் தையல் என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது கண்ணி. வலைக்குச் சொல்கிறோமே, அதே கண்ணி.

புதிதாகக் கற்பவருக்கு முதல் பாடம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டை எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் 'வி' வடிவக் கண்ணிகள் வரிவரியாக இறங்கும், அது நிட். திருப்பினால் சின்னச் சின்ன மேடுகள், அது பர்ல். முன்கண்ணி, பின்கண்ணி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் மாறிமாறி வந்தால் ரிப், கழுத்துப் பட்டியில் இருப்பது.

அப்புறம் நூல். பனியன் நூல் கைப் பின்னலுக்கு ரொம்ப மெல்லிசு. பழைய டி-ஷர்ட்டின் உடம்புப் பகுதியை ஒரு அங்குல அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டி இழுத்தால், ஓரம் உள்ளே சுருண்டு தடிமனான நூலாகிவிடும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் ஊசியில் கண்ணிகள் பெரிதாகத் தெரியும், தப்பினால் உடனே பிடித்துவிடலாம்.

எப்படிப் பின்னுவது என்று வரிவரியாகச் சொல்லும் மாதிரிகளுக்கு (பேட்டர்ன்) 2007-இல் தொடங்கிய ரேவல்ரி இணையதளம் போதும். இலவசம், தொடக்கநிலை என்று பிரித்துத் தேடலாம். கொக்கிப் பின்னல் மாதிரி என்றால் அது பிரிட்டிஷ் முறையா அமெரிக்க முறையா என்று முதலில் பாருங்கள், பிரிட்டனில் டபுள் குரோஷே என்னும் கண்ணியைத்தான் அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்கிறார்கள்.