இறந்த இடத்தைக் கேளுங்கள்

கொழும்பில் மரண அத்தாட்சிப் பத்திரங்களை மொழிபெயர்ப்பதுதான் எனக்குப் பாதிப் பிழைப்பு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற பலகையைப் பார்த்து, மொழிபெயர்க்கக் கடதாசியே கையில் இல்லாதவர்களும் படியேறுவார்கள். பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர்கள். “ஐயா, அப்பப்பா வெள்ளவத்தையிலதான் இருந்தவர். அங்க தேடிப்போட்டம், பதிவே இல்லையாம்.”

இருக்காதுதான். மரணம் நடந்த இடம் எந்தப் பதிவாளர் பிரிவுக்குள் வருகிறதோ, பதிவு அங்கேதான் விழும். வீடு எங்கே என்பது கணக்கிலேயே இல்லை. வெள்ளவத்தைக்காரர் களுபோவில ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தால் தெஹிவளைப் பக்கம் போக வேண்டும். பெரியாஸ்பத்திரி, அதாவது கொழும்பு தேசிய வைத்தியசாலை என்றால் அதற்குரிய பிரிவு. கொழும்பு மாநகரமே கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்களுக்குள் கிடக்கிறது. ‘பதிவு இல்லை’ என்று சொன்னால், அந்தப் பிரிவில், தேடிய அந்த ஆண்டுகளில் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இடம் பிடிபட்டுவிட்டது. திகதி? பதிவு எண்ணும் திகதியும் தெரிந்தால் ஒரு கட்டணம், தெரியாமல் தேடச் சொன்னால் கூடுதல் கட்டணம். ‘ஐம்பதுகளில் ஒருநாள்’ என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. இங்கேதான் பலர் வீட்டு அலுமாரியை மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பமென்றால் 31ஆம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், ஒன்று எங்காவது கிடக்கும். அதில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா என்ற பாட்டில் வருடப் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி என்று எல்லாமே இருக்கும். விய வருடம், ஐப்பசி, அபரபக்கத் தசமி என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். விய வருடம் 1946 சித்திரையில் தொடங்கி 1947 பங்குனியில் முடிந்தது. அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தால் நாள் கிடைத்துவிடும். ஒன்று கவனம்: அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1886இலும் விய, 2006இலும் விய. கல்வெட்டும் இல்லையா? தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. வீரகேசரி 1930இலிருந்து, தினகரன் 1932இலிருந்து. மரண அறிவித்தலில் திகதியோடு தகனம் எங்கே என்பதும் வரும். பொரளையிலுள்ள கனத்தை மயானம் என்றிருந்தால் மாநகர சபையின் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

பெயர் இன்னொரு தலையிடி. ஆங்கிலத்தில் எழுதிய பழைய பதிவுகளில் கனகசபை ‘கே’ எழுத்திலும் இருப்பார், ‘சீ’ எழுத்திலும் இருப்பார். சின்னத்தம்பியை ‘எஸ்’ இல் தொடங்கியவரும் உண்டு, ‘சீ, எச்’ என்று தொடங்கியவரும் உண்டு. எழுதக்கூடிய விதமெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; தேடித் தருபவர் உங்கள் உச்சரிப்பை ஊகிப்பார் என்று நம்ப வேண்டாம். இலங்கையில் பிறப்பு இறப்புகளை அரசு பதியும் குடிசார் பதிவு 1867இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவருக்கு, கிறிஸ்தவக் குடும்பமென்றால், கோவில் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பத்திரம் கைக்கு வந்ததும் எல்லோரும் பெயரையும் வயதையும் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள். நான் முதலில் பார்ப்பது தகவல் கொடுத்தவரின் பெயர், முகவரி, எந்த உரிமையில் தகவல் கொடுத்தார் என்பது இருக்கும் கட்டத்தை. ஒருமுறை ஒரு குடும்பம் கொண்டுவந்த, பூட்டனுடைய (பாட்டனின் தகப்பன்) பத்திரத்தில் வயது 60, தாயின் பெயர் ‘தெரியாது’. அவர்களுக்கு ஏமாற்றம். தகவல் கொடுத்தவர் கொட்டாஞ்சேனை முகவரியோடு, மகளின் கணவர் என்று இருந்தது. பூட்டனுக்கு ஆண் பிள்ளைகள் மட்டும்தான் என்று நம்பியிருந்த குடும்பம் அது. தாயின் பெயர் ஏன் தெரியாமல் போனது என்பதும் அதோடு விளங்கியது: மருமகனுக்கு மாமனாரின் தாயைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த 60ஐயும் அப்படியே நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட வேண்டாம். 60, 70 என்று பத்துப் பத்தாக வரும் வயது பெரும்பாலும் குத்துமதிப்பு. முடிந்தால் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையே கேளுங்கள். பார்த்து எழுதிய பிரதியில் எழுத்துகள் இடம்மாறியதை நிறையவே கண்டிருக்கிறேன்.

போரில் காணாமல் போனவர்களின் கதை வேறு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்ட மரணங்கள் உண்டு; இவற்றில் மரணத் திகதியையும் பதிவுத் திகதியையும் தனித்தனியாகப் பாருங்கள். மரணம் என்று பதிய மனம் ஒப்பாத குடும்பங்கள், 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஆள் காணாமற் போயிருப்பதைச் சொல்லும் சான்றிதழைப் பெறலாம். அப்படிப்பட்டவரைக் குடும்ப மரத்தில் சேர்க்கும்போது இறந்த ஆண்டு என்ற இடத்தை நீங்களாக நிரப்பாதீர்கள். உயிரோடிருக்கும் தாயையோ மனைவியையோ கேட்டுவிட்டு, அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள்.