கிலுகிலுப்பையை யாரிடம் கொடுப்பது?

புதன்கிழமை, தடுப்பூசி நாள். திருவாரூர் மாவட்டத்தில் ஏதோ ஒரு துணை சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு நடக்கிறது, அம்மா வயலில் நிற்கிறாள். ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் தூக்கி வந்திருப்பவர் அப்பாயி. கிராம சுகாதார செவிலியர் எடை பார்க்கிறார், தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடுகிறார், வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கிறார், அட்டையில் குறித்துக்கொள்கிறார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுக்கிறார். அதை யாரிடம் நீட்ட வேண்டும்?

குழந்தையிடம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்பாயியிடம் நீட்ட வேண்டும் என்பதே சரியான விடை. நீட்டிவிட்டுச் செவிலியர் தன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் குழந்தையைக் கண்டதும் கொஞ்சத் துடிக்கும் ஒரு மனுஷியை அப்படிச் சும்மா நிற்கப் பழக்குவதற்கு நாள்கணக்கில் பயிற்சி தேவைப்படுகிறது. ஏன் இவ்வளவு பாடு என்பதைச் சொல்ல மூளையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. ஐந்து வயதுக்குள் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களின் எண்ணிக்கை பெருகுவதால் வரும் வளர்ச்சி அன்று இது. அவற்றில் பெரும்பாலானவை கருவிலேயே உருவாகிவிடுகின்றன. பெருகுவது அவற்றுக்கு இடையிலான இணைப்புகள். முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிணைப்புகள் உருவாகின்றன என்பது கணக்கு. தேவைக்கு மேல் வெட்டிவிட்ட வாய்க்கால்கள் போல அவை கிடக்கின்றன. தண்ணீர் ஓடுவது அகலமாகிறது, ஓடாதது தூர்ந்துபோகிறது. தூர்ந்துபோவதைக் கேட்டுப் பதற வேண்டாம். எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் சிதறினால் எந்த வயலுக்கும் பாயாது. வேண்டாதவை அடைபடுவதும் வளர்ச்சிதான். எது ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

ஜப்பானியக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு மாத வயதில் அவர்கள் ர, ல ஆகிய ஒலிகளை அமெரிக்கக் குழந்தைகளைப் போலவே பிரித்தறிகிறார்கள். ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் மங்குகிறது, ஏனெனில் அவர்கள் வீட்டு மொழியில் அந்த வேறுபாடு இல்லை. ல, ள, ழ என்று மூன்றைப் பிரிக்கும் நம் வீட்டுப் பேச்சைக் கேட்டு வளரும் குழந்தையின் காதும் இதே காலத்தில்தான் கூர்தீட்டப்படுகிறது. (பெரியவர்களே ழகரத்தைத் தொலைத்துவிட்டால் குழந்தை எங்கே போகும் என்பது வேறு வழக்கு.)

ஆனால் ஒலி காதில் விழுந்தால் மட்டும் போதாது. பேச்சையும் செவித்திறனையும் ஆராயும் அமெரிக்க அறிஞர் பாட்ரிசியா கூலும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. ஆங்கிலம் பேசும் வீட்டின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர் ஒருவர் நேரில் அமர்ந்து, பொம்மை காட்டி, கதை படித்தார். பன்னிரண்டு அமர்வுகளில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆளை, அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டியபோது எதுவும் ஏறவில்லை. தொலைக்காட்சி பேசுகிறது, பதில் சொல்வதில்லை.

பதிலின் முக்கியத்தை 1970களிலேயே எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் மனம் கலங்க வைக்கும் ஒரு சோதனையில் காட்டியிருந்தார். தாய் முதலில் குழந்தையோடு வழக்கம்போல் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு இரண்டு மூன்று நிமிடங்கள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு வெறுமனே பார்க்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, பிறகு கையை நீட்டுகிறது, கூவுகிறது. எதற்கும் அசைவில்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துபோகிறது. தாய் எழுந்து போய்விடவில்லை, அடிக்கவில்லை. பதில் சொல்வதை நிறுத்தினாள், அவ்வளவுதான். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் இந்தப் பதில்தான்: குழந்தை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்பது, அது காக்கையைப் பார்த்தால் நீங்களும் காக்கையைப் பார்ப்பது, அது கண்ணைத் திருப்பிக்கொண்டால் "போதும்" என்று எடுத்துக்கொண்டு சற்று விடுவது.

மயிலாடுதுறைப் பக்கம் அப்பா சிங்கப்பூரில் இருக்கும் வீடுகளில் ஒரு சந்தேகம் எழும்: வீடியோ அழைப்பும் திரைதானே? இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன பொதுவான அறிவுரை. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குத் தருகிறது. அப்பா பதில் சொல்கிறார் அல்லவா! அழைப்பு முடிந்ததும் கைப்பேசியில் பாட்டு ஓடவிட்டுக் குழந்தையின் முன் சாய்த்து வைப்பதுதான் சிக்கல்.

சரி, இதில் சுகாதாரத் துறைக்கு என்ன வேலை? பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளாதா? அங்கன்வாடிக்குக் குழந்தை நடந்து வரும்போது இரண்டு மூன்று வயது ஆகிவிடுகிறது. அதற்கு முன் அரசு ஊழியர் ஒருவர் குழந்தையைக் கட்டாயம் சந்திக்கும் தருணங்கள் தடுப்பூசி நாள்கள்: ஆறு, பத்து, பதினான்கு வாரங்கள், ஒன்பது மாதம், பிறகு ஒன்றரை வயதை ஒட்டி. மூளை வேகமாக வளரும் காலமும் இதுவே. வேறு யாரும் இல்லாத இடத்தில் செவிலியர் நிற்கிறார்.

அவரால் முடியுமா என்ற கேள்விக்கு ஜமைக்கா பதில் சொல்லியிருக்கிறது. 1986-87இல் சாலி கிராந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவரின் குழு, கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பிரிவுக்குப் பால்மாவு, ஒரு பிரிவுக்கு விளையாட்டு, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. விளையாட்டுக்காக வீடு தேடிப் போனவர்கள் மருத்துவரோ உளவியலாளரோ அல்லர். சில வாரப் பயிற்சி பெற்ற சமூக சுகாதார உதவியாளர்கள். வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள். கையில் வீணான பொருள்களால் செய்த பொம்மைகள். இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுப் பிரிவில் வளர்ந்தவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் தொடக்கத்தில் தெரிந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. சோறு முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. இரும்புச்சத்து குறைந்த மூளைக்கு விளையாட்டு மட்டும் போதாது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், நம்மைப் போலவே கால்வாய்ப் பாசனத்தை நம்பிய ஊர்களில், அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களே தங்கள் வழக்கமான பணியோடு இந்த விளையாட்டை வீட்டாருக்குப் பழக்கினார்கள். 2014இல் வெளிவந்த முடிவுகளின்படி குழந்தைகளின் அறிவு, மொழி, உடல் அசைவு மூன்றும் இரண்டு வயதில் மேம்பட்டிருந்தன.

இந்த இரண்டு இடங்களிலும் பணியாளர் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை. வீட்டாரின் கை பழகியது. செவிலியர் தானே விளையாடிக் காட்டினால் அது அந்தப் பத்து நிமிடத்தோடு போயிற்று. போதாக்குறைக்கு "அந்த அம்மாவுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை" என்ற கூச்சத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகும். அப்பாயி ஆட்டி, குழந்தை சிரித்துவிட்டால், மறுநாளும் அப்பாயி ஆட்டுவார். குழந்தையின் சிரிப்புதான் அவருக்குக் கூலி.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உருவாக்கிய பயிற்சி முறை இந்த வரிசையில்தான் போகிறது: முதலில் பார், பிறகு கேள், பாராட்டு, அதன்பின் செய்யச் சொல், கடைசியில் புரிந்ததா என்று சோதி. பாராட்டு மூன்றாவதாக வருவதைக் கவனியுங்கள். நம் சுகாதார நிலையங்களின் வழக்கம் இதற்கு நேர்மாறு. எடை குறைந்திருந்தால் முதல் வார்த்தையே திட்டுதான். திட்டு வாங்கிய தாய் அடுத்த புதன்கிழமை வர யோசிப்பாள்.

இதை மண்டபத்தில் உட்கார வைத்துக் கற்பிக்க முடியாது. திரையில் மூளைப் படம், ஒலிபெருக்கியில் உரை, மதியம் தயிர் சாதப் பொட்டலம், மாலையில் சான்றிதழ்: இப்படி நடக்கும் பயிற்சிகளில் வினாத்தாள் மதிப்பெண் உயரும், கை மாறாது. மிதிவண்டி பற்றி எவ்வளவு படித்தாலும் ஏறி விழுந்தால்தானே வரும்? ஆகவே நல்ல பயிற்சியில் பாதிக்கு மேல் உண்மையான குழந்தைகளோடு, உண்மையான குடும்பங்களோடு நடக்கிறது. ஒருவர் ஆலோசனை சொல்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள், பிறகு கூடிப் பேசுகிறார்கள். நல்ல செவிலியர்கள்கூட முதல்முறை செய்யும் தவறு ஒன்றே: பேசிக்கொண்டே இருப்பது.

பார்க்கப் பழகுவதும் ஒரு தனித் திறமை. இதில் தமிழருக்கு ஒரு பழைய சொத்து உண்டு. பிள்ளைத்தமிழ் பாடுவோர் வைத்த பருவங்களை மாதக் கணக்கோடு படித்துப் பாருங்கள்: ஐந்தாம் மாதம் கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை தட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் தளர்நடையில் அழைக்கும் வாரானை, பதினைந்தாம் மாதம் நிலாவைக் காட்டிக் கூப்பிடும் அம்புலி. நிலாவை இருவரும் சேர்ந்து பார்ப்பதைத்தான் இன்றைய உளவியல் கூட்டுக் கவனம் என்கிறது, மொழிக்கு அது வாசற்படி. ஆனால் புலவர் கணக்கு ஒரு மாதத்தைச் சொல்கிறது; அறிவியல் ஓர் இடைவெளியைச் சொல்கிறது. பிடிக்காமல் நடப்பது எட்டு மாதத்திலும் நிகழலாம், பதினேழு மாதத்திலும் நிகழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவீடு. இந்த இடைவெளி தெரியாத செவிலியர் ஒன்று வீணாகப் பயமுறுத்துவார், அல்லது வீணாகத் தேற்றுவார்.

இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்ற அப்பாயியின் சொல்லுக்குத் தலையாட்டிவிடக் கூடாது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ங்கா சொல்லும், சிரிக்கும். வீட்டில் யாருக்கும் ஐயம் வராது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது காதுக்கான விதி. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் கூடுதல் கவனம் தேவை. இப்படிப்பட்ட தாமதங்களைக் கண்டறிய, குழந்தை செய்ய வேண்டிய பதினேழு செயல்களை வயது வரிசையில் இடமிருந்து வலமாகக் காட்டும், திருவனந்தபுரத்தில் உருவான அட்டை ஒன்று உதவுகிறது. அதில் குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் இருப்பதில் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால், வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை.

தாயின் முகத்தையும் பார்க்க வேண்டும். கடந்த இரண்டு வாரங்களாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டம் இல்லையா என்ற இரண்டு கேள்விகள் போதும் தொடங்குவதற்கு. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு டிரானிக்கின் கல்முகத்தை மாதக்கணக்கில் நீட்டிவிடும். அவளிடம் "குழந்தையோடு விளையாடு" என்பது கால் முறிந்தவரிடம் ஓடச் சொல்வது.

இதற்கெல்லாம் செவிலியருக்கு ஏது நேரம் என்பீர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், எண்ணற்ற பதிவேடுகள், வெளியே வரிசை. உண்மைதான். ஆனால் ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். அந்த அரை மணி இப்போது மின்விசிறிக்கு அடியில் கைப்பேசியைப் பார்த்தபடி கழிகிறது. அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கூடை வேண்டும்: இரண்டு டம்ளர், ஒரு மரக்கரண்டி, நன்றாகத் தேய்த்த கொட்டாங்கச்சி, ஒரு துணி, அந்தக் கிலுகிலுப்பை. ஒன்பது மாதத்தில், துணிக்கு அடியில் ஒளித்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்கியிருக்கும். துணி எதற்கு, அப்பாயியின் முந்தானையே போதும்.