பால் மறந்த குட்டி ஏன் கழிகிறது?

பன்றிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த நாலைந்து நாளில் பண்ணையிலிருந்து அழைப்பு வரும். "டாக்டர், குட்டிங்க எல்லாம் கழியுது. ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். வாலடியில் ஈரம், ஒட்டிப்போன வயிறு, தொட்டியில் அப்படியே கிடக்கும் தீவனம். எந்தக் கிருமி வந்தது என்று கேட்பார்கள். பல சமயம் எதுவும் புதிதாக வந்திருக்காது. குடலில் ஏற்கெனவே இருந்ததுதான் பெருகியிருக்கும்.

பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் குடலில் நுண்ணுயிரிகள் ஏறக்குறைய இல்லை. தாயின் காம்பு, சாணம், தரை என்று எல்லாவற்றிலிருந்தும் சில மணி நேரத்திலேயே வந்து குடியேறிவிடும். முதலில் வரும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கும். அதன் பிறகுதான் ஆக்சிஜன் ஆகாத பாக்டீராய்டஸ் போன்றவை நிலைக்க முடியும். பால் குடிக்கும் வரை லாக்டோபேசில்லஸின் கை ஓங்கியிருக்கும். அது பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். இரைப்பை போதிய அமிலம் சுரக்காத அந்த வயதில் குட்டிக்கு அதுதான் காவல்.

3, 4 வாரத்தில் பாலை நிறுத்துகிறோம். தாயும் பாலும் பழகிய இடமும் ஒரே நாளில் போய்விடுகின்றன. குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்னாது. இரை வராத சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் குட்டையாகிவிடும். அப்புறம் பசி தாளாமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் கீழே இறங்கும், ஈ.கோலைக்கு அது விருந்து. தானியத்தையும் நாரையும் உடைக்கும் பிரிவோடெல்லா போன்றவை பெருகி நிலைக்க நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் கழிச்சல் வருகிறது.

நோயுற்ற குட்டிக்கு மருந்து வேண்டும்தான். ஆனால் முன்னெச்சரிக்கை என்று எல்லாக் குட்டிக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் நல்லவையும் சேர்ந்து சாகும், மருந்துக்கு அடங்காதவை மிஞ்சும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே நிறுத்திவிட்டது.

வேலை முன்பே தொடங்க வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருள் கருவில் குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. பிறந்து ஒரு நாள் தாண்டினால் குடல் அதை ஏற்காது. இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டித் தீவனத்தை ஒரு பிடி, தினமும் புதிதாக வையுங்கள். பிரித்த பிறகும் சில நாள் அதே தீவனம்தான், கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. தரை காய்ந்து, கதகதப்பாக இருக்கட்டும்.

பிரித்த மறுநாள் ஒவ்வொரு குட்டியின் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். ஒட்டியிருப்பதைத் தனியே எடுத்து, தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கஞ்சியாகக் குழைத்து அதன் மூக்கருகே வையுங்கள்.