சன்னல் வைத்த ஓடு

"கார் அளவுக்கு ஒரு ஆமை இருந்தால், அதன் ஓட்டுக் கனமே அதைக் கடலுக்கு அடியில் இழுத்துவிடாதா?" ஏழாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

அந்த ஆமையின் பெயர் ஆர்க்கிலான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், செயன் ஆற்றுப் பக்கம், 1895-இல் புதைபடிவ ஆய்வாளர் ஜார்ஜ் வீலண்ட் அதன் எலும்புகளைக் கண்டெடுத்தார். இன்று புல்வெளியாகக் கிடக்கும் அந்த நிலம், ஏறக்குறைய 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து கிடந்த கடல். வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள இன்னொரு ஆர்க்கிலான் எலும்புக்கூடு 4.6 மீட்டர் நீளம். எடை 2 டன்னைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

இனி ஓட்டுக்கு வருவோம். ஆமையின் ஓடு மேலே மாட்டிய கவசம் இல்லை, அதன் விலா எலும்புகளேதான். கரு வளரும்போது விலாக்கள் நம்முடையவை போல மார்பைச் சுற்றி வளையாமல் பக்கவாட்டில் விசிறியாக விரிகின்றன. அப்புறம் ஒவ்வொரு விலாவின் ஓரத்திலிருந்தும் எலும்புத் தகடு படர்ந்து, பக்கத்து விலாவின் தகட்டைத் தொட்டு இணைகிறது. முட்டையிலிருந்து வரும் கடலாமைக் குஞ்சுக்கு இந்த வேலை முடிந்திருக்காது. விலா நுனிகளுக்கு இடையே சன்னல் போல இடைவெளிகள் இருக்கும். வளர வளர அவை அடைபடும்.

ஆர்க்கிலானுக்கு அவை அடைபடவே இல்லை! விலாக்கள் கூரை வேயாத கைமரங்கள் மாதிரி கடைசிவரை தனித்தனியாக நின்றன. குஞ்சுப் பருவத்து ஓட்டையே 2 டன் உடம்புக்கும் வைத்துக்கொண்டது. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பதை நினைத்தால், இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிது என்று புரியும். இன்றைய ஏழுவரி ஆமைக்கும் கெட்டி ஓடு கிடையாது, தடித்த தோல்தான். ஆர்க்கிலானின் எலும்புச் சட்டகத்தையும் அப்படியொரு தோல் மூடியிருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்தது, எலும்பை ஒருவர் பார்த்துப் பத்திரமாக எடுத்ததால். ஆர்க்கிலான் வாழ்ந்த அதே கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது டைனோசர்களின் கடைசிக் காலகட்டத்தில், நம் அரியலூரும் கடலடியில்தான் இருந்தது. சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் அந்த மண்ணில் அம்மோனைட்டுகள், அதாவது அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் புதைபடிவங்கள், கிடைக்கின்றன. ஒவ்வொரு சுரங்கத்திலும் தொல்லுயிரியல் (புதைபடிவ ஆய்வு) படித்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும் என்பேன். அரைபட்ட எலும்பு திரும்ப வராது.

சரி, சன்னல் வைத்த ஓடு பாதுகாப்புக்கு உதவுமா? கடலாமையால் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. வீலண்ட் எடுத்த ஆமைக்கு வலது பின்காலின் கீழ்ப்பகுதி இல்லை. அந்தப் பக்கத் தொடை எலும்பும் இடதைவிடச் சிறியது. சிறு வயதிலேயே ஏதோ ஒன்று கடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். கடலாமையை முன்னே செலுத்துவது முன்துடுப்புகள்தான். அவை இரண்டும் மிஞ்சியதால், அந்தக் கடலிலேயே நீந்தி இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது.